மெஷினாக வேலை பார்த்தவள்

கல்லூரியில் அவளை எல்லோரும் வெப்சைட் என்றுதான் கூப்பிட்டார்கள். "வெப்சைட் வந்துட்டாளா?", "வெப்சைட்ட கொஞ்சம் வரச் சொல்லு" என்று தாழ்வாரத்தில் குரல் கேட்டால், புதிதாக வந்தவர்கள் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையான வெப்சைட்டில் கோளாறு என்றால் அங்கே ஒரு குரலும் எழும்பாது என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அலுவலகத்தின் கோடியில், ஜெராக்ஸ் எந்திரத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் அவளுடைய மேஜை. கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது வேலை. பதவி, தற்காலிக உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாள் வரும், நீ இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாக இருந்துகொள்ளலாம் என்று. மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்ததும் அங்கேதான், வேலையும் அங்கேதான். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் "எம் பொண்ணு காலேஜ்ல வேலை பாக்குறா" என்பாள். அடுத்து "டீச்சரா?" என்று கேள்வி வரும் என்று தெரிந்து, அதற்குள் நூலைப் பல்லில் கடித்துக்கொள்வாள். வாயில் நூல் இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். மாலையில் மகள் செருப்பைக் கழற்றும்போது மட்டும் தையல் மெஷின் நிற்கும். "பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?" என்று ஒரு கேள்வி. மகள் இல்லை என்று தலையாட்டினால் மெஷின் மறுபடி ஓடும். அம்மா வருத்தப்பட்டால் நன்றாக இருக்கும் என்று மகளுக்குத் தோன்றும். அம்மா வருத்தப்படுவதில்லை, மிதியைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

அந்த இணையதளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திறந்தவுடன் கல்லூரிப் பாட்டு தானாகப் பாடத் தொடங்கும். அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று வைத்தவருக்கே மறந்துவிட்டது. பிறகு தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் நகர்ந்தால் அவருடைய அப்பா, பின்னாலேயே துறைத் தலைவர்கள் வரிசையாக. அவர்களும் நகர்ந்தால், வானத்திலிருந்து எடுத்த கட்டடப் படம். அதில் மருந்துக்குக்கூட ஒரு மனிதர் கிடையாது. அடுத்து நான்கு மாணவர்கள் கோட்டும் டையுமாக ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து சிரிப்பார்கள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒன்றும் இருக்காது. கோட்டுகள் வாடகைக்கு எடுத்தவை. கோட்டுக்குப் பொருந்துகிற உடம்பாகப் பார்த்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓரத்தில் 'புதிது' என்று ஒரு நட்சத்திரம் விடாமல் மின்னும். எதற்காக மின்னுகிறது என்று தொட்டுப் பார்த்தால், எப்போதோ ஓய்வுபெற்று வீட்டுக்குப் போய்விட்ட ஒரு முதல்வரை வரவேற்றிருப்பார்கள்.

சேர வேண்டும் என்று வருகிறவனுக்குத் தேவையானது எங்கே? 'எங்களைப் பற்றி' என்பதைத் தொட்டு, 'எங்கள் பயணம்', 'எங்கள் நோக்கம்', 'எங்கள் தொலைநோக்கு' எல்லாவற்றையும் தாண்டி (நோக்கத்திலும் தொலைநோக்கிலும் ஒரே பத்திதான், யாரும் கண்டுபிடிக்கவில்லை) கடைசிக்குப் போனால், கோணலாக ஸ்கேன் செய்த ஒரு தாள் கிடைக்கும். ஸ்கேன் செய்தவர் தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரலும் சேர்ந்து பதிந்திருக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி அந்த விரலுக்கு அடியில் இருந்தது.

இவள் சேர வந்த வருடம் அந்த விரல் வேறு யாருடையதோ. அம்மாவும் இவளும் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அசல் சான்றிதழ் கொண்டுபோக வேண்டுமா நகல் போதுமா என்று தேடினார்கள். பாட்டுக் கேட்டது, தாளாளர் வந்தார், பதில் வரவில்லை. பஸ் ஏறிப் போய், அசல் இல்லாததால் திரும்பி வந்து, மறுநாள் மறுபடி போனார்கள். "நமக்குப் படிச்சுப் பழக்கம் இல்ல, அதான் கண்ணுல பட மாட்டேங்குது" என்றாள் அம்மா. மகளும் அப்படித்தான் நம்பினாள். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பளிச்சென்று தெரியும் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டே பட்டமும் வாங்கினாள். வேலையில் சேர்ந்த பிறகுதான், அந்தத் தளத்தில் எதையும் எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது தெரிந்தது. நம்முடைய குறை என்று சுமந்துகொண்டிருந்தது இன்னொருவருடைய சோம்பேறித்தனம் என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் யார்மீது காட்டுவது என்று தெரியாத கோபம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கோபத்தை மூன்று பக்கமாக எழுதி அலுவலக மேலாளரிடம் கொடுத்தாள். பாட்டை எடுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஃபோனில்தான் பார்க்கிறார்கள், ஃபோனில் நம் தளம் பாதிதான் தெரிகிறது. முதல் பக்கத்தில் சேர்க்கை, கட்டணம், பஸ், விடுதி, கொண்டுவர வேண்டிய சான்றிதழ், இந்த ஐந்தும் போதும். பெரியவர்களின் படங்கள் உள்ளே இருக்கட்டும். மேலாளர் முதல் பத்தியைப் படித்தார். "பாரும்மா, இதுல எல்லாமே நியாயமாத்தான் இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு" என்றார். அந்த மூன்று பக்கமும் அவருடைய ஃபிளாஸ்க்குக்கு அடியில் போய், ஃபிளாஸ்க்கின் வட்டத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. துறைத் தலைவர்கள் கூட்டத்தில் அவரே ஒரு முறை தமாஷுக்காக அதைச் சொன்னார். பெரியவர்களின் படம் உள்ளே இருக்கட்டும் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் வேறு ஏதோ கல்லூரியின் தளத்தில், மூலையில் ஒரு வட்டப் பொத்தான் இருப்பதைத் தாளாளர் பார்த்துவிட்டார். தொட்டால் பேசுகிறது, கேட்டால் பதில் சொல்கிறது. நமக்கும் வேண்டும் என்றார். மேலாளர் பொத்தானை வாங்கிவிட்டார். பொத்தானுக்குப் பின்னால் பேச வேண்டிய மெஷினை வாங்குவது பெரிய வேலையாக இருந்ததால், "மெஷின் வர்ற வரைக்கும் நீயே பதில் போட்டுக்கிட்டு இரும்மா" என்று அதை அவள் தலையில் கட்டினார். பொத்தானுக்குத் 'தோழி' என்று பெயர். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாளாளர் தம் அறையிலிருந்து சோதித்துப் பார்த்தார். "நூலகம் எத்தனை மணி வரை?" என்று தட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. அடுத்த விழாவில், மேடையில், நம் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, மனிதத் தலையீடே இல்லை என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற மேலாளரும் தட்டினார். தட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் குனிந்து சொன்னார்.

"கேட்டுக்கிட்டியா? இனிமே நீ மனுஷி மாதிரி பதில் போடக் கூடாது."

மெஷினாக இருப்பது எளிதல்ல. சில ஒழுக்கங்களை அவள் தனக்குத்தானே வகுத்துக்கொண்டாள். 'ம்ம்' போடக் கூடாது. 'ஐயோ' போடக் கூடாது. கேட்ட கேள்வியையே நூறாவது ஆள் கேட்டாலும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே மரியாதையோடு சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் 'தங்களுக்கான தகவல் சேகரிக்கப்படுகிறது' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் தகவல் நிறையவே சேகரிக்கப்பட்டது.

முதலில் அவமானமாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தாள். அவளை "ஏய் வெப்சைட், இங்க வா" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிற அதே பேராசிரியர்கள், தோழியிடம் "வணக்கம். தயவுசெய்து கூற இயலுமா?" என்று கேட்டார்கள். பதில் வந்ததும் "மிக்க நன்றி" வேறு. ஜெராக்ஸ் எந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, எட்டு அடி தள்ளி இருக்கிற நாற்காலியிலிருந்து வருகிற நன்றியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நன்றி சொன்னவர் இவளைப் பார்க்காமல், தண்ணீர் கேன் காலி என்று கத்திக்கொண்டிருப்பார்.

வெளியிலிருந்து வந்த கேள்விகள் வேறு மாதிரி. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும், விடுதியில் ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா, விண்ணப்பத்தில் அம்மா பெயர் முதலிலா அப்பா பெயரா. ஒரு நாள் ஒரு பெண் ஒரு கேள்வியை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டே இருந்தாள். எதிரில் ஒருவர் தட்டிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துடிப்பதும் நிற்பதுமாக இருந்தன. கடைசியில் வந்தது. எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டு வச்சா ஏத்துப்பாங்களா? ஏற்பார்கள் என்று தோழி சொன்னாள். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், அதை அலுவலகத்திலேயே போட்டுத் தருவார்கள் என்றும் சொன்னாள். அந்தப் பெண் எழுதினாள்: தேங்க்ஸ். நீங்க மெஷினா இருக்கிறதால கேட்டேன். மனுஷங்ககிட்ட கேட்க வெட்கமா இருந்தது.

என் அம்மாவும் கைநாட்டுதான் என்று எழுத விரல் போனது. எழுதவில்லை. மெஷினுக்கு அம்மா கிடையாது. எழுதியிருந்தால் அந்தப் பெண் வெட்கப்பட்டிருப்பாளா, இல்லை தைரியமாகியிருப்பாளா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். தன்னைப்போன்ற ஒருத்தியிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்தது நல்லதா, கோழைத்தனமா? பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

அந்த வருடம் தாளாளருக்கு முட்டி வலி வந்து, நிர்வாகம் அவருடைய மகன் கைக்குப் போனது. செயலாளர் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். முப்பது வயது. வெளிநாட்டில் படித்தவர். மனிதர்களிடம் யோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அவரவர் காரியத்துக்காகச் சொல்கிறார்கள் என்று வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அது சரியான கண்டுபிடிப்புதான். ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு, இனிமேல் மெஷினிடம் கேட்பது என்பது. அந்த மெஷின் எது என்று மேலாளர் அவரிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லாததை மகனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு மதியம் செயலாளரின் அறையிலிருந்து தோழிக்குக் கேள்வி வந்தது. நம் இணையதளத்தில் என்ன குறை?

மேலாளரிடம் அன்று அவள் கொடுத்த மூன்று பக்கமும் கணினியில் அப்படியே இருந்தது. 'மேலாளர் அவர்களுக்கு' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓர் எழுத்து மாற்றாமல் ஒட்டினாள்.

அன்று மாலையே கூட்டம். சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த மூன்று பக்கமும் ஓடியது. அவளும் போயிருந்தாள், திரைக்கு வயர் மாட்ட. செயலாளர் வரிவரியாகப் படித்தார். முன்பு சிரித்த இடத்தில் இப்போது எல்லோரும் தலையாட்டினார்கள். "எவ்ளோ அப்ஜெக்டிவா இருக்கு பாருங்க" என்றார் செயலாளர். இயற்பியல் துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, டேட்டா சொல்லும்போது நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். மேலாளர் மட்டும் தம் ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றது. நட்சத்திரம் அணைந்தது. ஓய்வுபெற்ற முதல்வர் தளத்திலிருந்தும் ஓய்வுபெற்றார். ஃபோனில் தொட்டால் முதல் பக்கத்தில் ஐந்தே விஷயங்கள், பெரிய எழுத்தில். கடைசித் தேதியின் மேல் யாருடைய விரலும் இல்லை. எல்லா வேலையையும் இவள்தான் செய்தாள். செய்யச் சொன்னது மெஷின் என்பதால் ஒருவரும் குறுக்கே வரவில்லை.

இங்கேதான் அவளுக்குக் கொஞ்சம் தலை கனத்தது என்று சொல்ல வேண்டும். இயற்பியல் துறைத் தலைவர் ஒரு நாள் தோழியிடம் தனியாக வந்தார். தம் படம் முதல் பக்கத்தில் இருந்ததாகவும், இப்போது காணவில்லை என்றும், மாணவர்கள் வருத்தப்படுவதாகவும் எழுதினார். ஒரு நிமிடம் யோசித்து அவள் பதில் போட்டாள்: 'ஐயா, இதுவரை தங்கள் படத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. தேடி வந்தால் உடனே தெரிவிக்கிறேன்.' இதையே அவள் வாயால் சொல்லியிருந்தால் அவர் கல்லூரியையே இரண்டாக்கியிருப்பார். மெஷின் சொன்னதால் "நன்றி" என்று எழுதிவிட்டு, அன்று முழுவதும் வகுப்பில் யாரையும் திட்டாமல் இருந்தார். அவள் ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பின்னால் போய்க் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, கேட்க வந்தவரிடம் முகத்தைக் காட்டாமல் பதில் சொல்லி அனுப்புவதைத்தானே இத்தனை நாள் இந்த அலுவலகம் தனக்கும் தன் அம்மாவுக்கும் செய்தது என்று தோன்றியது. அதைத் தானும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டோமே என்று ஒரு நிமிடம் சங்கடப்பட்டாள். மறுநாள் வேதியியல் துறைத் தலைவருக்கும் அதே மாதிரி ஒரு பதில் போட்டாள்.

பிறகு ஆய்வுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. கல்லூரிக்குத் தரம் போடுகிற குழு. வருவதற்குள் சுவருக்கு வெள்ளையடிப்பது, புத்தகங்களைத் தூசி தட்டுவது எல்லாம் வழக்கம். செயலாளர் புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். தேவையில்லாத ஆட்களைக் கழிப்பது. குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் தோழிக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. மனிதத் தலையீடு இல்லாமல் இயங்குகிற மெஷின் இருக்கும்போது, இணையதளத்துக்கு ஒரு தற்காலிக உதவியாளர் எதற்கு?

குழு வருவதற்கு முதல் நாள் காலையில் அவளைக் கூப்பிட்டார்கள். செயலாளரின் அறை. ஏ.சி., கண்ணாடி மேஜை, சுவரில் திரை. திரையில் தோழியின் பக்கம் திறந்திருந்தது. வெள்ளைக்காரப் பெண் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலாளர் ஓரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் கோபமாகப் பேசவில்லை. நன்றாகப் படித்தவர்கள் ஆளை எடுக்கும்போது குரலை உயர்த்துவதில்லை. தளம் இப்போது தானாகவே நடக்கிறது, இந்த மாதத்தோடு அவளுடைய ஆறு மாதம் முடிகிறது, அடுத்த தாள் வராது, அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொன்னார். எதிர்காலத்தைச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலையில் வீட்டில் தையல் மெஷின் நிற்கப்போகிற நேரம் அவள் கண்முன் வந்தது. அந்தக் கேள்விக்கு இன்றைக்கு எப்படித் தலையாட்டுவது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இரண்டு பக்கமும் போதாதே.

"சார்" என்றாள். "அந்த மெஷின் நான்தான்."

செயலாளர் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, ஆறுதலாக. "புரியுது. நீ அதோட நிறைய வேலை பாத்திருக்க. ஒரு அட்டாச்மென்ட் வந்துரும்."

"இல்ல சார். கேக்குற கேள்விக்கு எல்லாம் நான்தான் டைப் பண்றேன். மெஷின்னு ஒண்ணு வாங்கவே இல்ல. வேணும்னா மேனேஜர் சாரைக் கேளுங்க."

செயலாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். "அது வந்து... டெக்னிக்கல் விஷயம் சார்" என்றார்.

மனிதர்களிடம் கேட்டால் இப்படித்தான் என்று செயலாளருக்கு ஏற்கெனவே தெரியும். ஒருத்தி வேலை போகிற பயத்தில் பேசுகிறாள், ஒருவர் பூசி மெழுகுகிறார். அவர் கீபோர்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையில் எழுத்துகள் வந்தன. 'வணக்கம். என் எதிரில் இருக்கும் பெண், தங்கள் பெயரில் பதில் அளிப்பது தான்தான் என்கிறார். இது உண்மையா? தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.'

மூவரும் திரையைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். பதில் வரவில்லை. செயலாளர் மறுபடி ஒரு முறை அனுப்பினார். கண்ணாடி மேஜையில் அவளுடைய விரல்களின் நிழல்கூட அசையவில்லை.

"நெட் ஸ்லோ போல. ரூட்டரைக் கொஞ்சம் பாருங்க" என்றார் செயலாளர். மேலாளர் எழுந்திருக்கப் போனார். அவருக்கு அந்த அறையை விட்டுப் போக ஒரு காரணம் கிடைத்ததே போதும்.

"நெட்டு நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள் அவள். "பதில் வேணுமா?"

"உன்ன கேக்கலம்மா. அதைக் கேட்டிருக்கேன்."

அவள் பைக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தாள். தோழிக்கு வருகிற கேள்விகள் அதிலும் வரும். எதிரே உட்கார்ந்துதான் தட்டினாள், மறைக்கவில்லை. செயலாளர் அவளைப் பார்க்கவில்லை. திரையில் மூன்று புள்ளிகள் துடிக்க ஆரம்பித்திருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஆமாம் ஐயா. அவர் சொல்வது உண்மை.'

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். இப்போதுதான் அவர் நம்பினார். "அதுவே ஒத்துக்கிச்சு" என்றார் மேலாளரிடம், மெல்லிய குரலில். பிறகு நாளை வரப்போகிற குழு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அறிக்கையில் ஒரு பக்கம், மேடையில் அப்பா பேசிய பேச்சு, கைதட்டல். நெற்றியைத் தடவிக்கொண்டார். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டிருக்கலாம். அவருடைய கை பழக்கத்தில் கீபோர்டுக்குப் போனது. 'இந்நிலையில் என்ன செய்யலாம்?'

அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுத்தாள். வாயால் சொல்லலாம். மூன்றடி தூரம்தான். என்னை நிரந்தரம் பண்ணுங்கள் என்று மூன்று வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்தான். உதட்டைப் பிரித்தாள். "சார், என்னை..." என்று ஆரம்பித்தாள். செயலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். மெஷின் பேசப் போகிறதாம், குறுக்கே பேசக் கூடாதாம்.

தட்டினாள். 'நாளை குழு வருகிறது. நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர் இங்கே இருக்க வேண்டும். நாளைக்கு மட்டுமல்ல, எப்போதும். எனவே அவரை நிரந்தரப் பணியாளராக நியமிப்பது பொருத்தமாக இருக்கும்.'

செயலாளர் இரண்டு முறை படித்தார். "லாஜிக்கலா இருக்கு" என்றார்.

"ரொம்ப லாஜிக்கல் சார்" என்றார் மேலாளர். உயிர் திரும்பி வந்தவர் குரல் அது.

இந்த விஷயம் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று முடிவாயிற்று. குழுவுக்கு முன்னால் மெஷின் மெஷினாகவே இருக்கும். அவளுக்கு ஆர்டர் இப்போதே. தட்டச்சருக்குச் சொல்லி அனுப்பினால் விஷயம் வெளியே போகும் என்று செயலாளர் யோசித்தார். பிறகு திரையிலேயே கேட்டார். 'நியமன ஆணை ஒன்றைத் தயார் செய்ய இயலுமா?'

இயலும் என்றது தோழி. அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். கட்டைவிரல் இரண்டும் வலித்தன. பதவி என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். உதவியாளர் என்று பழக்கத்தில் வந்ததை அழித்துவிட்டு, இணையதளப் பொறுப்பாளர் என்று போட்டாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது.

செயலாளர் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. தாளை மேலாளர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க, எவ்ளோ நல்லா எழுதியிருக்கு. ஒரு மெஷின் எழுதினதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள் என்றார் மேலாளர். கையெழுத்தான ஆணையை வாங்கி அவள் நான்காக மடித்தாள். திரையில் செயலாளர் தோழிக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தார்.